முதலில் ஒரு சூரியக் கடிகாரம்

ஐயா,

ரொறன்ரோவில் மென்பொருள் வேலை செய்கிறேன். யாழ்ப்பாண மாவட்டத்துக் கரவெட்டியில் எங்கள் சனசமூக நிலையத்தில் தரம் 8, 9 பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் அறிவியலும் கலையும் படிப்பிக்கப் பணம் அனுப்ப விரும்புகிறேன். றோபோப் பெட்டிகளும் முப்பரிமாண அச்சுப்பொறியும் வாங்கலாமா? ஓவியத்துக்குத் தனி வகுப்பு வைக்கலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பெட்டிகளை இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஒரு மோட்டர் எரிந்தால் மாற்றுப் பாகம் வரும்வரை வகுப்பு நிற்கும். ஓவியத்தைத் தனியாகப் பிரித்தீர்களோ, ரியூசன் நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவது அதுதான். வரையாமல் அளக்கவோ அளக்காமல் வரையவோ முடியாத ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். என் தெரிவு, நிழலால் நேரம் காட்டும் சூரியக் கடிகாரம்.

இணையத்தில் கிடைக்கும் வடிவங்களை அப்படியே அச்சிட்டு ஒட்டினால் சரிவராது. பல ஐரோப்பிய அகலாங்குக்கு வரைந்தவை. உங்கள் ஊர் வடக்கு 9.8 பாகை. இங்கே மணிக் கோடுகள் வரையும் தட்டைக் கிடையாக வைத்தால் 12 மணிக் கோட்டுக்கும் 1 மணிக் கோட்டுக்கும் இடையில் 2.6 பாகைதான் வரும், வாசிக்க முடியாது. தட்டையே பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிடுங்கள்.

கிழக்கு மேற்காக 40 செ.மீ., வடக்குத் தெற்காக 20 செ.மீ. உள்ள 12 மி.மீ. பிளைவூட் போதும். வடக்கு விளிம்பு தெற்கு விளிம்பைவிட 3.4 செ.மீ. உயரவேண்டும். வடக்குத் தெற்கான நடுக்கோட்டில் 5 செ.மீ. உயரமான மெல்லிய அலுமினியத் தகட்டை நிமிர்த்துங்கள். அந்தக் கோட்டிலிருந்து இரு புறமும் 1.34, 2.89, 5.00, 8.66, 18.66 செ.மீ. தூரத்தில் அதற்கு இணையாக மணிக் கோடுகள் வரும். நடுக்கோடு 12 மணி, மேற்குப் பக்கம் முற்பகல், கிழக்குப் பக்கம் பிற்பகல். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகளே கேட்பார்கள். சூரியன் மணிக்கு 15 பாகை நகரும்; 5ஐ 15, 30, 45, 60, 75 பாகைகளின் தான்சனால் (கணிப்பானில் tan) பெருக்கிக் காட்டுங்கள். தகட்டுக்குப் பதில் தடித்த பலகை வைத்தால் மேற்குக் கோடுகளை அதன் மேற்கு முகத்திலிருந்தும், கிழக்குக் கோடுகளைக் கிழக்கு முகத்திலிருந்தும் அளக்கவேண்டும்.

வடக்கைக் கைபேசித் திசைகாட்டியில் பார்க்காதீர்கள். கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி அதைக் குழப்பும். முற்றத்தில் ஒரு கம்பை நிமிர்த்தி நட்டு, அதைச் சுற்றி வட்டம் கீறுங்கள். நிழல் நுனி வட்டத்தைக் காலையில் ஒருமுறையும் பின்னேரம் ஒருமுறையும் தொடும். அந்த இரு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு.

பிழை தேடுவது உங்களுக்குப் பழகிய வேலை. கீழே சொல்லும் கைக்கடிகார வித்தியாசத்தைக் கழித்த பின்னும் நாள் முழுக்க ஒரே அளவு பிழை காட்டினால் தட்டு கிழக்கிலோ மேற்கிலோ சரிந்திருக்கிறது. 1 பாகைக்கு 4 நிமிடம். காலையில் முந்தி, மாலையில் பிந்தினால் தகடு 5 செ.மீ.க்குக் குறைவு. அந்தக் கைக்கடிகார வித்தியாசம் பிழையே அல்ல. இலங்கை நேரம் 82.5 பாகை நெட்டாங்குக்கு உரியது, நாங்கள் 80ஐ அண்டி இருக்கிறோம். அதனால் ஏப்ரல் நடுவில் சூரியன் உச்சிக்கு வருவது 12.10 அளவில்; பூமியின் வேகமும் சாய்வும் காரணமாக அது மாதத்துக்கு மாதம் மாறி, பெப்ரவரி நடுவில் 12.23, நவம்பர் தொடக்கத்தில் 11.53 அளவில் வரும். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் நல்ல தட்டைக் கழற்றித் திருத்தத் தொடங்குவார்கள்.

சித்திரைப் புத்தாண்டை அடுத்து, ஏப்ரல் 15 அளவில், உச்சி வேளையில் நிமிர்ந்த குழாய்க்கு நிழலே இராது. ஓகஸ்ட் 27, 28இலும் அப்படித்தான். புத்தாண்டோடு இது சேர்ந்து வருவது எங்கள் அகலாங்குக்கு வாய்த்த தற்செயல். பாடசாலை விடுமுறையும் இருப்பதால் ஊரைக் கூட்டிக் காட்டலாம். சூரியனை நேரே பார்க்கவேண்டாம் என்று அன்று பலமுறை சொல்லவேண்டியிருக்கும்.

சித்திர ஆசிரியர் முதல் நாளே வரவேண்டும், கடைசியில் பூச்சடிக்க அல்ல. தமிழ் எண்களா வழக்கமான எண்களா, கோலத்தை எங்கே நிறுத்தினால் நிழல் விளிம்பு தெரியும், எந்த நிறத்தில் கண் கூசாது என்பதெல்லாம் அவரோடு தீரவேண்டியவை. பளபளக்கும் வெள்ளை எனாமல் வெய்யிலில் பார்க்கவே விடாது; மங்கலான இளமஞ்சள் நல்லது. வெட்டு விளிம்புகளுக்கும் பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் மாரியில் பலகை ஊதிப் பிரியும்.

உங்கள் தொழிலுக்கும் இடமிருக்கிறது. தகட்டின் மேல் விளிம்பின் நடுவில் ஒரு பாசிமணியை ஒட்டி, ஒவ்வொரு சனியும் கைக்கடிகாரத்தில் காலை 10.10க்கு அதன் நிழல் விழும் இடத்தைப் பிள்ளைகள் அளந்து எழுதட்டும். நீங்கள் அங்கிருந்தபடி அவர்களோடு அதை விரிதாளில் ஏற்றுங்கள். ஒரு வருடத்தில் அந்தப் புள்ளிகள் சேர்ந்து 8 என்ற எண்ணின் வடிவில் மூடும். அதற்கு ஒரு பழைய மடிக்கணினி போதும்.

தை பிறந்து மழை விட்டதும் தொடங்குங்கள். பலகை, தகடு, பூச்சு எல்லாம் சிறு செலவு. மிச்சத்தை இரு ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் போக்குவரத்துக்கும் ஒரு வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.