வேலூரின் ஐடா அம்மையார்

கேள்வி: வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர், தொடக்கத்தில் மருத்துவப் பணியே வேண்டாம் என்றிருந்தவராமே, உண்மையா?
– வாசகி, ஆற்காடு

பதில்: உண்மைதான். 1870-இல் இராணிப்பேட்டையில் மருத்துவ ஊழியர் குடும்பத்தில் பிறந்தும், அந்தப் பணியில் அவருக்குச் சிறிதும் நாட்டமில்லை. தாயாரின் உடல்நலக் குறைவால்தான் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். அங்கே ஓரிரவு, பிரசவ வேதனையில் துடித்த தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து நின்றனர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா மன்றாடியும், ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு இசையாமல் மூவரும் திரும்பிவிட்டனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அதைக் கடவுளின் அழைப்பாகவே ஏற்றுக்கொண்டவர், 1899-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1900-இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சை, 1902-இல் மருத்துவமனையாயிற்று. வேலூரை அடுத்த கிராமச் சாலைகளில், மரத்தடியில் வண்டியை நிறுத்தி, காத்திருந்தவர்களுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டி மருந்து கொடுத்த காட்சியையே பலரும் நினைவுகூர்வர். என் பார்வையில், 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியதே அவருடைய ஆகப் பெரிய செயல். தாம் ஒருவராக எத்தனை பிரசவம் பார்த்துவிட முடியும் என்பதை அவர் நன்றாகவே உணர்ந்திருந்தார். அந்தப் பெண்கள் தேற மாட்டார்கள் என்று ஐயுற்ற அதிகாரியும் இருந்தார் (எந்தக் காலத்தில்தான் இல்லை?), முதலாண்டுத் தேர்வில் அத்தனை பேரும் தேறினர். 1947-இல் அங்கே ஆண்களுக்கும் இடம் கிடைத்தது. திருமணம் செய்துகொள்ளாமலே பணியாற்றிய அம்மையார், 1960-இல் கொடைக்கானலில் காலமானார்.