'கிரியாதா' என்று சொல்லிவிட்டீர்களா?

வீட்டு வேலைக்கு வரும் அம்மாளைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஸ்பானிய மொழியில் "மி கிரியாதா", அதாவது 'என் வேலைக்காரி' என்று அறிமுகம் செய்தேன், அவர் முகம் சுருங்கிவிட்டது, அகராதியில் அதுதானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. இருக்கிறதுதான். ஆனால் மெக்சிகோவின் இந்தக் குவாதலஹாரா நகரில் இன்று காதில் விழுந்தால் சுடுகிற சொல் அது.

'கிரியார்' என்றால் வளர்ப்பது, கிரியாதா வளர்க்கப்பட்டவள். சிறு வயதிலேயே பெரிய வீட்டில் கொண்டுவந்து விட, சோறு போட்டு வளர்த்து வேலை வாங்கிய பெண். 'எங்கள் வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை' என்று நம் ஊரிலும் சொல்வார்களே, அதே பாசம்தான். சம்பளப் பேச்சு மட்டும் வராது.

இங்கே வீட்டுக்கு வீடு புழங்குவது 'லா முச்சாச்சா', அதாவது இளம்பெண். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு வருபவருக்கு வயது 58. ஒரு நாள் தொலைபேசியில் நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "முச்சாச்சாவா? எனக்குப் பேரன் இருக்கிறான், ஹோவென்" என்று சிரித்தார். ஹோவென் என்றால் இளைஞன். எனக்கு அப்போது தலை நரைத்திருந்தது. அன்றிலிருந்து பெயருக்கு முன்னால் 'தோன்யா' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்க்கிறேன். பேச்சிலும் 'தூ' கிடையாது, 'உஸ்தே'தான். நம் நீ, நீங்கள் மாதிரி.

பிறரிடம் சொல்லும்போது "எனக்கு உதவி செய்கிற சென்யோரா", அதாவது அம்மா, என்பார்கள் பலர். மரியாதையான பேச்சுதான், எனக்குத்தான் அது முழுதாக ஒப்பவில்லை. காசு கொடுத்து வாங்கும் உழைப்பை எதற்கு உதவி என்பது? சட்டத்தில் உள்ள பெயர் 'த்ரபஹதோரா தெல் ஓகார்', இல்லப் பணியாளர். 2019-இல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது இந்தப் பெயர்தான் ஏறியது. அதற்கு முந்தைய டிசம்பரில், இவர்களைக் கட்டாயச் சமூகக் காப்பீட்டுக்கு வெளியே வைத்தது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 'காத்தா', அதாவது பூனை என்று யாராவது சொல்லக் கேட்டால் பழகிக்கொள்ளாதீர்கள், அது வசவு.

ஆள் தேடும்போது இரண்டு சொற்றொடர் போதும்: வீட்டிலேயே தங்கினால் 'தே பிளாந்தா', காலையில் வந்து மாலையில் போனால் 'தே எந்த்ராதா போர் சலீதா'. உங்களுக்கு வருபவர் இரண்டாவது வகை. அவருக்கும் காப்பீட்டுப் பதிவு உண்டு. ஆண்டு முழுக்க வேலை செய்திருந்தால் குறைந்தது 15 நாள் சம்பளம் 'அகினால்தோ'வாக, அதாவது ஆண்டு இறுதி போனஸாகச் சேரவேண்டும். டிசம்பர் 20-க்குள் கையில் கொடுத்துவிடுங்கள்.