எல், ஏ, ஆர், ஏ

வணக்கம் சார்,

நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் ‘க்ரோனோ ட்ரிகர்’ என்ற காலப்பயண வீடியோ கேம் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை நம்பிக் காசு கொடுத்துக் கைப்பேசியில் வாங்கினேன். நாலைந்து மணி நேரம் ஆடி, சிறையிலிருந்து தப்பி, கி.பி. 2300-இன் இடிபாடுகளில் வந்து நிற்கிறேன். பொம்மைகள் கட்டைவிரல் நகம் அளவு. நாயகன் வாயே திறப்பதில்லை. உலகத்தை அழிக்க ஒரு பூதம், அதைத் தடுக்க நாலு பேர். இதைக் கொண்டாடுகிறவர்கள் தங்கள் பால்யத்தைத்தானே கொண்டாடுகிறார்கள்? தொடரவா, விட்டுவிடவா?

ர.

அன்புள்ள ர.,

பால்யம் என்ற சாக்கு எனக்குக் கிடையாது. 1995 மார்ச்சில் ஜப்பானில் இது சூப்பர் ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டிக்கு வந்தபோது எங்கள் தெருவில் இருந்தது அதற்கு முந்தைய தலைமுறைப் பெட்டியின் மலிவு நகல். கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே பத்துப் பன்னிரண்டு தேறும். க்ரோனோ ட்ரிகரைத் தொட்டபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. நண்பர் ஒருவர் தன் பழைய நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார், அதில் செருகியிருந்தது.

கதைச் சுருக்கம் நீங்கள் சொன்னதுதான். சண்டைகளும் சுலபம். ஆனால் நீங்கள் ஓர் இடத்தைத் தாண்டி வந்திருக்கிறீர்கள், அதைச் சொல்லவே இல்லையே. அந்த வழக்கு!

ஆரம்பத் திருவிழாவில் ஒரு பெண்மேல் மோதுகிறீர்கள், அவள் பதக்கம் தெறித்து விழுகிறது. முதலில் அவளைப் பார்த்தீர்களா, பதக்கத்தை எடுத்தீர்களா? அங்கே ஒரு மேசையில் யாரோ ஒரு கிழவரின் மதியச் சாப்பாடு இருந்தது. தின்றீர்களா? ஒரு சிறுமியின் பூனை தொலைந்திருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தீர்களா? ஆர்.பி.ஜி. எனும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை ஆடுகிறவன் கை சும்மா இருக்காது. பீப்பாயைத் திறக்கும், அடுத்தவர் வீட்டு அலமாரியைத் துழாவும். பெரும்பாலான விளையாட்டுகள் அதை ஏன் என்று கேட்பதில்லை. இது கேட்டது. நீங்கள் மோதிய பெண் இளவரசி; அவளைக் கடத்தியதாகக் கூண்டில் ஏற்றி, சாப்பாட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, நீங்கள் தின்றதை அப்படியே திரும்ப ஓட்டிக் காட்டியது. நான் தின்றிருந்தேன். டிஎஸ்ஸை மூடிவைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தது ஞாபகம் இருக்கிறது.

இதில் வேடிக்கை, தீர்ப்பு எதுவானாலும் உள்ளே தள்ளத்தான் போகிறார்கள். கதை அங்கே இம்மியும் மாறாது. நாம் எப்படிப்பட்ட ஆள் என்பது மட்டும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. நாயகன் வாய் திறக்காததும் இதனால்தான் உறுத்துகிறது என்பேன். பேசித் தப்பிக்க அவனுக்கு வாய் இல்லை.

செய்தவர்கள் சாதாரணப் பேர்வழிகள் அல்ல. ஸ்கொயர் நிறுவனத்தில் ஃபைனல் ஃபேண்டஸியை உருவாக்கிய ஹிரொனோபு சகாகுச்சி, போட்டி நிறுவனமான எனிக்ஸின் டிராகன் குவெஸ்டை உருவாக்கிய யூஜி ஹொரீ, ஓவியர் அகிரா தோரியாமா. (இரு நிறுவனங்களும் 2003-இல் ஒன்றாகிவிட்டன.) இசை அமைத்த யசுனோரி மித்சுதா அதுவரை சத்தங்கள் மட்டும் செய்துகொண்டிருந்த இளைஞர். இசையமைக்க விடாவிட்டால் வேலையை விடுகிறேன் என்று சகாகுச்சியிடமே போய் நின்றார். வாய்ப்பு கிடைத்தது, வயிற்றில் புண் வரும்வரை உழைத்துப் படுத்துவிட்டார். மிச்சத்தை மூத்தவர் நொபுவோ உவேமத்சு முடித்துக் கொடுத்தார்.

சரி, இனிமேல் சொல்லப்போவது நீங்கள் இன்னும் பார்க்காதது. வேண்டாமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கி.பி. 600-இல் ஒரு பாலைவனம். அதைக் காடாக்க ஃபியோனா என்ற பெண் ஆசைப்படுகிறாள், ஆயுள் போதாது. உங்களோடு வரும் ரோபோ என்ற இயந்திரன், நான் இருந்து உழுகிறேன் என்கிறான். நீங்கள் கால வாகனத்தில் ஏறி 1000-க்கு வருகிறீர்கள். உங்களுக்கு அரை நிமிடம். அவனுக்கு 400 வருஷம். மணல் இருந்த இடத்தில் பச்சைப் பசேல் என்று காடு. நடுவில் ஒரு வழிபாட்டு இடம். அங்கே துருப்பிடித்துச் செயலற்றுக் கிடக்கிறான். உங்களோடு வரும் தோழி லுக்கா அவனைப் பழுது பார்க்கிறாள். அன்றிரவு எல்லோரும் நெருப்பு மூட்டி உட்கார்கிறார்கள்.

லுக்காவின் வீட்டுக்குள் போனீர்களா? அவள் அம்மா எழுந்து நடப்பதே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நெருப்பு மூட்டிய அந்த ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு லுக்காவுக்கு மட்டும் ஒரு வாசல் திறக்கிறது. பத்து வருஷம் பின்னால், 990, அவள் வீடு. அம்மாவின் பாவாடை இயந்திரத்தில் மாட்டியிருக்கிறது, நிறுத்தக் கடவுச்சொல் வேண்டும். அம்மாவின் பெயர்தான் அது: லாரா. டிஎஸ்ஸில் எழுதும் பலகை எதுவும் திரையில் வராது. கையில் இருக்கும் எல், ஏ, ஆர் பொத்தான்களிலேயே எழுத வேண்டும். எல், ஏ, ஆர், ஏ. தொடுதிரையில் இந்த அழகு கொஞ்சம் குறையும்தான்.

எனக்கு அது பிடிபடவில்லை. பதறிப்போய் விரலில் பட்டதையெல்லாம் அமுக்கினேன். அம்மாவின் கால்கள் போயின. கதை எதுவுமே நடக்காததுபோல மேலே போனது.

முடித்ததும் ‘நியூ கேம் பிளஸ்’ என்று ஒன்று வரும். அந்தப் பெயரே இந்த விளையாட்டில்தான் பிறந்தது. சேர்த்த பலத்தோடு முதலிலிருந்து ஆடலாம். ஆடினேன். கிழவரின் சாப்பாட்டைத் தொடவில்லை. பூனையைக் கொண்டுபோய்விட்டேன். ரோபோவை மறுபடி 400 வருஷம் உழவிட்டேன். 990-இல் நான்கு எழுத்தையும் சரியாக அமுக்கினேன்.

லாரா இப்போது வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார். பூதத்தை இரண்டாம் தடவை கொல்ல நான் போகவில்லை.