கூத்தின் முன்வரிசையில் தூங்கும் பிள்ளைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கோவையில் இருக்கிறேன். வருகிற மே விடுமுறையில் மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக (9 வயது, 6 வயது) காரிலேயே செய்யாறு பக்கம் போய்த் தெருக்கூத்து பார்க்கலாம் என்று திட்டம். சிறுவயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் போன வருஷம் தவறிவிட்டார். எனக்குக் கதை ஒன்றும் நினைவில்லை. அரிதார வாசனையும் அப்பாவின் சட்டை ஈரமும்தான் நினைவிருக்கின்றன. அழிந்துகொண்டிருக்கும் இந்தக் கலையைப் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும். ஏற்கெனவே இங்கே ஓர் அரங்கில் ஒரு மணி நேரக் கூத்துக்குக் கூட்டிப்போனேன். பெரியவள் சலித்துப்போனாள், சின்னவன் தூங்கிவிட்டான். இந்த முறை பாரதக் கதையை முன்பே சொல்லிக்கொடுத்து, பார்த்தபின் ஒரு பக்கம் எழுத வைக்கலாமா? எந்த வழியாகப் போவது நல்லது? வேஷத்தைப் பார்த்துச் சின்னவன் பயந்துவிடுவானா? கதகளி, பாகவத மேளா இரண்டையும் இதே பயணத்தில் சேர்க்க முடியுமா? கூத்து முடிந்த காலையே கிளம்பி மதியத்துக்குள் மாமல்லபுரம் போய்விட நினைக்கிறோம்.

கே., கோவை

அன்புள்ள கே.,

நீங்கள் குறையாக எழுதியிருந்த ஒரு வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. சின்னவன் தூங்கிவிட்டான் என்ற வரி. சில நாட்களுக்கு முன் செய்யாறு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் கர்ண மோட்சம் பார்த்தேன். நடுராத்திரி தாண்டியதும் முன்வரிசை முழுக்கப் பிள்ளைகள் பாயில் சுருண்டு கிடந்தார்கள். கர்ணன் சுழன்று வந்து நின்ற இடத்துக்கும் ஒரு குழந்தையின் காலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவர் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆடினார். யாரும் அந்தக் குழந்தையை எழுப்பவுமில்லை, தூக்கித் தள்ளிப் போடவுமில்லை. அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். அழிந்துகொண்டிருக்கிறது என்று எதை வைத்து எழுதினீர்கள்? நீங்கள் பார்ப்பதை நிறுத்தியதால் அது நின்றுவிடுமா? பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர் பக்கம் போய் டீக்கடைச் சுவர்களைப் பாருங்கள். மதியம் வில்லிபாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் போர் முடிவை நடித்துக் காட்டும் படுகளம், தீமிதி என்று 18 நாள், 20 நாள் திருவிழாவுக்கு நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். பேர்பெற்ற ஜமாவிடம், அதாவது கூத்துக் குழுவிடம், தேதி வாங்க முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் குடும்பம் இன்றும் ஆடுகிறது. கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபால் காஞ்சிபுரம் அருகே நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கட்டை என்கிற மர அணிகளைக் கட்டி ஆடினார்கள். கலைஞர்களுக்குக் கிடைக்கும் பணம் போதாது என்பது உண்மையான கவலை, அதை எழுதுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

எங்கள் குலதெய்வம் அந்தப் பக்கம்தான். கோடை விடுமுறை விட்டதும் பெரியப்பாவின் அம்பாசடரில் சென்னையிலிருந்து கிளம்புவோம். முன்சீட்டில் பெரியப்பாவும் அப்பாவும், பின்சீட்டில் பெண்கள், அவர்கள் மடியில் நாங்கள். ஜன்னலில் ஈரத்துண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். காஞ்சிபுரம் வருவதற்குள் அது விறைத்துக் காய்ந்துவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டே இருந்தாலும் எனக்கு வாந்தி வந்துவிடும். பாலாற்றுப் பாலத்தில் பெரியப்பா வண்டியை மெதுவாக உருட்டி, "ஆறு பாருங்கடா" என்பார். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மணல்தான். இருந்தாலும் எல்லோரும் எட்டிப் பார்ப்போம்.

ஒரு வருஷம் போன அன்று பகடை துகில், சூதாட்டமும் திரௌபதியின் துகிலுரிதலும் வரும் கூத்து. பெரியம்மா முந்தானையைப் போர்த்தி என்னைப் படுக்க வைத்தார். "தூங்குடா கண்ணு, துச்சாதனன் வந்தா எழுப்பறேன்." அவர் எழுப்பவில்லை. தரையில் காது வைத்துப் படுத்திருந்ததால் சலங்கைச் சத்தம் மண் வழியாக வந்து எழுப்பியது. கண்ணைத் திறந்தால் நேர் மேலே துச்சாதனன். தோளில் கட்டிய புஜக்கட்டையில் பதித்த கண்ணாடிச் சில்லு ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. திரும்பிப் பார்த்தால் பெரியம்மா அழுதுகொண்டிருந்தார். வீட்டில் யார் முன்னாலும் அழாதவர். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மறுபடி படுத்துக்கொண்டேன். அடுத்து விழித்தபோது திரௌபதி கூந்தலை விரித்துப் போட்டு நின்றிருந்தாள், யாரோ அவளுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் பார்த்தது பாதிதான். ஆனால் கூத்தே அப்படிப் பார்ப்பவனுக்காகக் கட்டப்பட்டது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை நடக்கிற ஆட்டத்தை, பகலெல்லாம் வயலில் நின்றவன் கொட்டக்கொட்ட விழித்திருந்து பார்க்க முடியாது. ஆடுகிறவர்களுக்கு அது தெரியும். வேஷம் திரைக்குப் பின்னாலிருந்தே தான் யாரென்று பாடுகிறது. திரை விலகியதும் மறுபடி பாடுகிறது. பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். அப்புறம் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து, தாங்கள் யார், எந்த நாடு, வந்த காரியம் என்ன என்று கேட்கிறான். பாட்டில் சொன்னதெல்லாம் வசனத்தில் ஒருமுறை வருகிறது. அதையே அவன் ஊர்ப்பேச்சில் கூட்டத்துக்குச் சொல்கிறான். நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரம் பார்ப்பவருக்கு இது இழுவை. கண்ணயர்ந்து எழுந்தவனுக்கு இதுதான் கைகொடுக்கிறது. எந்த இடத்தில் விழித்தாலும் கொஞ்ச நேரத்தில் கதைக்குள் போய்விடலாம். ஒரு மணி நேரத்துக்குச் சுருக்குகிறவர்கள் முதலில் இதைத்தான் வெட்டுகிறார்கள். மிஞ்சுவது சுழற்சியும் சண்டையும். அதைப் பார்த்து உங்கள் மகள் சலித்துப்போனதில் அவள் தப்பு எதுவும் இல்லை.

நீங்களும் அப்படித்தான் பார்த்திருக்கிறீர்கள். கதை நினைவில்லை என்று வருத்தப்படாதீர்கள், கே. தோளில் இருந்த பிள்ளை பாதி ராத்திரி தூங்கியிருக்கும். உங்கள் அப்பா தோள் மாற்றிக்கொண்டு நின்றிருப்பார், இறக்கிவிட்டிருக்க மாட்டார்.

அந்த ஒரு பக்கம் எழுதும் வேலையை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், கோபமாகவே சொல்கிறேன். பள்ளிக்கூடம் பத்து மாதம் அவர்களை எழுத வைக்கிறது, போதாதா? கதையையும் முன்கூட்டியே சொல்லித் தீர்த்துவிடாதீர்கள். எங்களுக்கு யாரும் சொல்லிக் கூட்டிப்போனதில்லை. தூங்கிய இடமெல்லாம் கதையில் ஓட்டை. துச்சாதனன் செத்தானா இல்லையா என்று அக்காவும் நானும் திரும்பும் வழியில் காரில் அடித்துக்கொண்டோம். பெரியப்பா வண்டியை ஓரங்கட்டிப் புளியமரத்தடியில் இரண்டு பேரையும் இறக்கிவிட்டார். அதற்குப் பதில் தெரிந்துகொள்ளவே அடுத்த வருஷம் பாரதப் போர்க் கூத்துக்கு வர வேண்டும் என்று அடம்பிடித்தோம். நீங்கள் எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கிவிட்டால் உங்கள் பிள்ளைகள் எதற்காக அடம்பிடிப்பார்கள்?

சின்னவன் பயந்தால் பயப்படட்டும், நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள். வேண்டுமானால் சீக்கிரமே போய், கேட்டுக்கொண்டு, வேஷம் கட்டும் இடத்தைக் காட்டுங்கள். ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துப் பாதி முகம் சிவப்பாக உட்கார்ந்திருக்கும் துரியோதனன், மறு பாதி முகத்தால் அவனைப் பார்த்துச் சிரிப்பார். கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. தொட்டுப் பார்க்க விடுவார்களா என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள்.

மற்றவை: சேலம் வந்துவிட்டால் பிறகு போனே வழி சொல்லும். மெலட்டூர் பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகம் தஞ்சாவூர்ப் பக்கம், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடப்பது. கதகளிக்குக் கேரளத்தின் செறுதுருத்தி உங்களுக்குப் பக்கம், இன்னொரு விடுமுறையில் போங்கள். மூன்றையும் ஒரே பயணத்தில் திணித்தால் பிள்ளைகளுக்குக் கார் சீட்தான் நினைவிருக்கும்.

கூத்தின் நடுவே ஊர்க்காரர்கள் பணம் கொடுப்பார்கள். ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள். உங்கள் அப்பா பெயரில் கொடுங்கள். தாராளமாகக் கொடுங்கள், அவர்கள் அதை ஜமாவில் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, மாமல்லபுரத்தை ரத்து செய்யுங்கள். ராத்திரி முழுக்கக் கண்விழித்த ஆள் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. செய்யாறிலோ காஞ்சிபுரத்திலோ ஓர் அறை எடுத்து மத்தியானம் வரைக்கும் நாலு பேரும் தூங்குங்கள்.