ஒரே வைஃபை, 38 பேர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த வாரக் கடிதங்களில் பாதி வைஃபை பற்றியவை. விடுதி, லைன் வீடு, எஸ்டேட் குடியிருப்பு என்று இடம்தான் வேறு. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: சேலம் கருப்பூரில் கல்லூரிக்குப் பக்கத்து விடுதியில் 38 பேர் இருக்கிறோம். வாசலில் ‘ஹை ஸ்பீடு வைஃபை’ என்று போர்டு. அதற்கென மாதம் 300 ரூபாய் தனியாக வாங்குகிறார்கள். இரவு 8 மணிக்கு மேல் ஒரு பாட வீடியோகூட ஓடாது. கேட்டால், “எல்லாரும் பார்த்தா அப்படித்தான் தம்பி” என்கிறார் உரிமையாளர். இருப்பது ஒரே 100 எம்பிபிஎஸ் இணைப்பு.

பதில்: நியாயம் உங்கள் பக்கம். மாதம் 11,400 ரூபாய் வசூல் செய்கிறவர், எல்லாரும் பார்ப்பார்கள் என்று தெரிந்துதானே வாங்குகிறார்? 38 பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் தலைக்கு மூன்று எம்பிபிஎஸ்கூடத் தேறாது. கேபிள் இல்லாமல் காற்றில் வரும்போது அதுவும் குறையும். சாதாரண ரவுட்டர் எல்லோரோடும் முறைவைத்துத்தான் பேசும். வராந்தாக் கடைசி அறையில் சிக்னல் ஒரே கோடு காட்டும் செல்போனுக்கு அதிக நேரம் போய்விடும். ரவுட்டருக்கு அடியிலேயே உட்கார்ந்திருப்பவரும் காத்திருக்க வேண்டியதுதான்.

இரவு 9 மணிக்கு ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரவுட்டரோடு இணைத்து வேகம் பாருங்கள். மற்ற எல்லோரும் பத்து நிமிடம் வைஃபையை அணைத்து வைக்கட்டும். அப்போது நூறுக்குப் பக்கத்தில் வந்தால் இணைப்பில் கோளாறு இல்லை, பங்கு போடுவதில்தான் பற்றாக்குறை. ஒவ்வொரு மாடிக்கும் கேபிள் இழுத்து ஓர் அக்சஸ் பாயின்ட், அதாவது அந்த மாடிக்கென்று வைஃபை தரும் கருவி, வைக்கச் சொல்லுங்கள், கூடவே இரண்டாவது இணைப்பும். வசூலாகும் பணத்தில் தாராளமாக முடியும்.

கோரிக்கையை எழுத்தில், எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். போர்டைப் படம் எடுங்கள், 300 ரூபாய் அனுப்பிய யுபிஐ விவரத்தை வைத்திருங்கள். மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் 4,500 ரூபாய்க்கு ஆறு ஆன்டெனா ரவுட்டர் வாங்கினேன். வேகம் பழையபடியேதான். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். பில் வாங்கவில்லை.

பதில்: பில் இல்லாமல் வாங்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? யுபிஐயில் பணம் கொடுத்திருந்தால் அதைக் காட்டி இன்றைக்காவது பில் கேளுங்கள்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் என்று விற்றார்கள். படம் இறக்கும்போது நொடிக்கு 12 எம்பிதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, படம் இறக்கும்போது காட்டும் எம்பி பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. முழுதாகத்தான் வருகிறது.

கேள்வி: அம்மாப்பேட்டையில் எட்டு லைன் வீடு. முன்வீட்டு வைஃபையை மூன்று வீட்டார் பங்கு போட்டுக் காசு கட்டுகிறோம். சிக்னலை எட்ட வைக்கும் பூஸ்டர் வாங்கினால் வேகம் இரண்டு மடங்காகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா அண்ணா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்தப் பொய்யின் மேல் எனக்கு ஆறாத கோபம்.

அஸ்தம்பட்டியில் வாடகைக்கு இருந்தபோது நானும் இதே பேச்சைக் கேட்டு 1,900 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். படுக்கையறையில் செருகியதும் செல்போனில் சிக்னல் முழுதாக ஏறியது. மகளின் ஆன்லைன் வகுப்பு மட்டும் முன்பைவிட மோசமாக நின்று நின்று வந்தது. காரணம் எளிது. மலிவான பூஸ்டரில் பல, ரவுட்டரிடம் கேட்பதையும் நம்மிடம் சொல்வதையும் ஒரே அலைவரிசையில் செய்கின்றன. ஒரே செய்தி காற்றில் இரண்டு தடவை போகிறது, வேகம் பாதியாகிவிடுகிறது. கோடு ஏறுவதைக் காட்டி விற்றுவிடுகிறார்கள். கோடு சிக்னலின் பலம், வேகம் இல்லை.

லைன் வீட்டில் இன்னொரு சங்கடம், ஒட்டிய சுவர்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அத்தனையும் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்கின்றன. முன்வீட்டில் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸையும் போட்டுவிடச் சொல்லுங்கள். அது சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். அதனாலேயே பக்கத்து வீட்டுத் தொல்லையும் குறைவு. உங்கள் வீட்டுக்கு ஓடு ஓரமாக ஒரு லேன் கேபிள் இழுத்துக்கொள்ளுங்கள், பூஸ்டரைவிடச் செலவு குறைவு. ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தால் முதலில் அதை எடுத்துப் பரண் மேல் வைக்கட்டும். என் வீட்டில் கடைசியில் தீர்ந்தது அப்படித்தான், பைசா செலவில்லாமல்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எஸ்டேட் லைனில் ஐந்து குடும்பத்துக்கு ஒரு சிம் ரவுட்டர். மழை பெய்தால் படுத்துவிடுகிறது. வேறு கம்பெனிக்கு மாறலாமா?

பதில்: மாறுவதற்கு முன்னால் அந்தக் கம்பெனி சிம் உள்ள ஒருவரை உங்கள் வீட்டுக்கே அழைத்து, மழை நேரத்தில் வேகம் பாருங்கள். கடைத்தெருவில் நன்றாக வருவது லைனில் வராது. நனைந்த சில்வர் ஓக் இலைகள் அலையை உறிஞ்சும். மரம் மறைக்காத ஜன்னலாகப் பார்த்து ரவுட்டரை வையுங்கள். ஐந்து குடும்பம் என்றால் அன்றைய டேட்டா சாயங்காலத்துக்குள் தீர்ந்து வேகம் விழுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதைப் பார்த்துவிட்டு அப்புறம் மழையைக் குறை சொல்லலாம்.

கேள்வி: சூரமங்கலத்தில் மாடி வீட்டுப் பையன்கள் பாஸ்வேர்டு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். பல ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்று விருந்தினருக்கான தனி வைஃபை இருக்கும், அதைத் திறந்து விடுங்கள். மாதம் ஒரு தடவை அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஏதாவது வில்லங்கம் என்றால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள்.