இடைத்தட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பின் கரப்பந்தாட்டம்

கேள்வி: எனக்கு வயது 27. எங்கள் ஊர்க் கழகத்தின் கரப்பந்தாட்ட அணியில் வலக்கையால் பாய்ந்து அடிப்பவன். நாரியில் எல்5–எஸ்1 இடைத்தட்டு (முதுகெலும்பின் அடியில் இரு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு) பிதுங்கி இடது காலுக்கு நோ இறங்கியதால், மூன்று மாதங்களுக்கு முன் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். இப்போது நோ இல்லை. பாதத்தின் வெளியோரம் மட்டும் விறைத்திருக்கிறது. அடுத்த மாதச் சுற்றுப்போட்டியில் ஆடலாமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: அடுத்த மாதம் ஆட வேண்டாம் என்பதே என் கருத்து, ஆனால் பயிற்சியை இப்போதே தொடங்கலாம்.

நோ நின்றது, நரம்பை அழுத்திய துண்டு அகற்றப்பட்டதைக் காட்டுகிறதேயன்றி, இடைத்தட்டு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதைக் காட்டவில்லை. அத்துண்டு வெளிவந்த வழி, இடைத்தட்டின் வெளிப்புறமான, இரத்த ஓட்டம் மிகக் குறைந்த நார்வளையத்தில் இருப்பதால், தழும்புத் திசு அதை மெல்ல மெல்லவே மூடுகிறது. ஏறத்தாழ 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு அதே இடத்தில் மீண்டும் பிதுங்குகிறது.

விறைப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பொதுவாக நோ முதலிலும், பலக்குறைவு அடுத்தும், விறைப்பு கடைசியிலும் மாறும்; சிலருக்கு அது சிறிதளவு நிலைத்தும் விடுவதுண்டு. நான் கவனிப்பது கெண்டைக்காலின் பலத்தையே, ஏனெனில் உங்களுக்கு அழுத்தப்பட்டிருந்த எஸ்1 நரம்பே அத்தசையை இயக்குகிறது. சுவரில் விரல் நுனிகளை மட்டும் வைத்து, முழங்காலை மடக்காமல் இடது காலில் மட்டும் நின்று, குதிக்காலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். வலது காலால் 25 முறை முடிந்து, இடது காலில் பத்தாவது முறையிலேயே குதிக்கால் தாழத் தொடங்கினால், அந்தக் கால் பாய்ச்சலுக்கு இன்னும் ஆயத்தமில்லை. வலக்கையால் அடிப்பவர்கள் பெரும்பாலும் இடது காலிலேயே முதலில் தரையிறங்குகிறார்கள் என்பதையும், நம் ஊர் மைதானங்களின் தரை இறுகியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கெண்டைக்கால் தாங்காத அதிர்ச்சியை, பின்னோக்கி வளைந்து முறுகிய நாரியே தாங்க வேண்டியிருக்கும்.

ஆகவே, இயன்மருத்துவரின் மேற்பார்வையில் வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளைப் பலப்படுத்தியபடி, விரைவு நடையிலிருந்து மெல்லோட்டத்துக்கும், நின்றபடி பந்தை உயர்த்திக் கொடுப்பதிலிருந்து இரு கால்களால் சிறிதாகத் துள்ளுவதற்கும் செல்லுங்கள். மறுநாள் காலையில் நாரியோ காலோ நோகாவிட்டால் மட்டும் அடுத்த படிக்குப் போகலாம். பாய்ந்து அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. இத்தகைய ஆட்டங்களுக்குத் திரும்ப, சத்திரசிகிச்சையிலிருந்து பெரும்பாலும் 4 முதல் 6 மாதங்களாவது செல்லும். உங்களுக்குச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியரின் சம்மதமும் வேண்டும். நாரிப் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடலாம் என்று கழகத்தில் யாராவது சொல்வார்கள். பட்டி மீண்டும் பிதுங்குவதைத் தடுக்காது. குனிந்து முறுகி கிணற்றில் வாளி இழுப்பதையும் இப்போதைக்கு வீட்டிலுள்ள வேறொருவரிடம் விடுங்கள். புகைப்பவராயின் நிறுத்துங்கள், புகை இடைத்தட்டின் ஊட்டத்தைக் குறைக்கிறது.

கால்நோ திரும்பினாலோ பாதம் பலமிழந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு, தாமதமின்றி வைத்தியரைக் காணுங்கள். சிறுநீர் கழிக்க முடியாமற் போனாலோ, மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, மலவாயைச் சுற்றியோ தொடைகளின் உட்புறத்திலோ உணர்வு மங்கினாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திராமல், இரவானாலும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.