ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. எங்கள் ஊர் கால்பந்து கிளப்பில் சென்டர் பேக் (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) ஆடுகிறேன். கோச் விலகிவிட்டார். வரும் லீக் சீசனில் ஆடிக்கொண்டே அணியையும் நீயே பார்த்துக்கொள் என்கிறார்கள். சென்னையின் எஃப்சியில் இத்தாலிய வீரர் மெட்டராஸி அப்படித்தானே இருந்தார்? ஒப்புக்கொள்ளலாமா? எப்படிச் சமாளிப்பது?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: ஒரே ஒரு சீசனுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். அதுவும் பெஞ்சில் இருந்து உங்களைக் கேட்காமலே முடிவெடுக்கக்கூடிய ஒருவர் கிடைத்தால் மட்டும். கிடைக்கவில்லை என்றால் இரண்டில் ஒன்றை விட்டுவிடுவதே நல்லது.

மார்கோ மெட்டராஸி 2014-ல் சென்னைக்கு வந்தபோது வீரர், மேலாளர் இரண்டும் அவரே. முதல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் அணி லீக் பட்டியலில் முதலிடம் பிடித்து, அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றது. ஆனால் எல்லா ஆட்டத்திலும் அவர் இறங்கவில்லை. பின்வரிசையில் ஆட மெண்டி, சில்வெஸ்ட்ர் இருந்தார்கள். பிறகு நெஸ்டாவும் வந்து சேர்ந்தார். 2015 டிசம்பரில் கோவாவை 3-2 என்று வீழ்த்திக் கோப்பை வாங்கியபோது அவர் கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச். உங்கள் கிளப்பில் உங்கள் இடத்தில் இறங்க அப்படி யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானவர் இத்தாலிய முன்கள வீரர் ஜியான்லூகா வியாலி. 1998 பிப்ரவரியில் லண்டன் கிளப்பான செல்சியின் நிர்வாகம் மேலாளர் ரூட் குல்லிட்டை நீக்கிவிட்டு, சீசன் நடுவில் 33 வயது வியாலியிடம் அணியைக் கொடுத்தது. நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து ஷூ மாட்டியவர்களுக்கு அன்று முதல் அவர் முதலாளி. அடுத்த மாதமே லீக் கோப்பை இறுதி வந்தது. வெம்ப்ளியில் மிடில்ஸ்பரோவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அவர் தன்னை இறக்கிக்கொள்ளவில்லை. செல்சி 2-0 என்று வென்றது. மே மாதம் ஸ்டாக்ஹோமில் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்கள் கோப்பை இறுதி. ஸ்டுட்கார்ட்டுக்கு எதிராக அவரே ஆடினார், காயத்திலிருந்து மீண்டு வந்த செல்சியின் முன்கள வீரர் சோலா பெஞ்சில் இருந்தார். 71-வது நிமிடத்தில் ஃப்ளோவுக்குப் பதிலாக இறங்கிய சோலா, இறங்கிய சில நொடிகளில் ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டார். தன்னை வெளியே உட்கார வைக்கத் தெரிந்த ஆள் உள்ளே ஆடுவதை அணியில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இந்தப் பொறுப்பில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது என்பது என் கருத்து. சீசனின் முதல் மூன்று ஆட்டங்களுக்குள் ஒன்றிலாவது நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள்.

சென்டர் பேக் என்பது உங்களுக்கு ஒரு வசதி; ஆட்டம் முழுக்கக் கண் முன்னால் நடக்கும். அப்படியும் பந்து உங்கள் பக்கம் வரும்போது எதிர்ப்பக்க விங்கில் எதிரணியில் யார் மார்க் இல்லாமல் (காவல் காக்க ஆளில்லாமல்) நிற்கிறார் என்பது தெரியாது. கோல் வாங்கிய பிறகுதான் தெரியும். அதனால் நடுக்கோட்டுக்கு நேராக, மாடி மாதிரி உயரமான இடத்தில் ஒரு மொபைலை ஸ்டாண்டில் வைத்து முழு ஆட்டத்தையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். மறுநாள் நீங்கள் ஆடிய பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தை மட்டும் பாருங்கள்.

மாற்று ஆட்டக்காரர் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூச்சு வாங்கும்போது யாரை மாற்றுவது என்று யோசிக்க முடியாது. அணிப் பட்டியலை முதல் நாள் இரவே முடித்து, துணைக் கோச்சின் கையில் ஒரு தாள் கொடுங்கள்: 60-வது நிமிடத்தில் பின்தங்கியிருந்தால் யார் உள்ளே, யார் வெளியே, முன்னிலையில் இருந்தால் யார், உங்களை எப்போது வெளியே எடுப்பது. கடைசி வரியை அவர் உங்களிடம் கேட்காமலே செய்ய வேண்டும். அவர் உங்கள் நம்பரைத் தூக்கிய பிறகு நீங்கள் கையசைத்து மறுத்தீர்கள் என்றால், அந்த நிமிடத்தோடு பெஞ்சுக்கு மரியாதை போய்விடும்.

சிவப்பு அட்டை உங்களுக்கு இரட்டை அடி. விதிப்படி வெளியேற்றப்பட்ட வீரர் டெக்னிக்கல் ஏரியாவிலும் (பெஞ்சை ஒட்டி கோச் நிற்கும் பகுதி) இருக்கக் கூடாது. அணி பத்துப் பேராகும் அதே நொடியில் கோச்சையும் இழக்கும். ஆகவே ரெஃபரியிடம் பேசும் வேலை உங்களுக்கு வேண்டாம். கேப்டன் பட்டையை வேறொருவருக்குக் கொடுங்கள். வீரர், கோச் என்று ஒரே பெயரை இரண்டு இடத்தில் எழுத உங்கள் லீக் விதி அனுமதிக்கிறதா, கோச்சுக்கு உரிமம் கேட்கிறார்களா என்பதையும் பதிவுக்கு முன்பே மாவட்டச் சங்கச் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் வார்ம்-அப்பைத் துணைக் கோச் நடத்தட்டும், நீங்கள் வரிசையில் ஒருவராக ஓடுங்கள். கார்னர், ஃப்ரீ கிக் பழகும்போது மட்டும் விசிலோடு வெளியே நில்லுங்கள். உங்கள் இடத்தில் இளைய டிஃபெண்டரை நிறுத்தினால் அவரும் தயாராவார். இடைவேளை 15 நிமிடம்தான். முதல் நான்கைந்து நிமிடம் தண்ணீர் குடித்து மூச்சை நிதானப்படுத்துங்கள். வெளியிலிருந்து பார்த்ததை முதலில் துணைக் கோச் சொல்லட்டும். பிறகு நீங்கள் ஒரே ஒரு திருத்தம் சொன்னால் போதும்.

வியாலி 1999-ல் ஆடுவதை நிறுத்தி முழுநேர மேலாளரானார். 2000-ல் எஃப்ஏ கோப்பையும் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் நீக்கப்பட்டார். மூத்த வீரர்கள் சிலரோடு உறவு கெட்டதுதான் காரணம் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. நண்பர்களை அணியிலிருந்து நீக்கும் நாள் உங்களுக்கும் வரும். அந்தச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் வரும் பட்டியலைப் பார்த்து அவர்களுக்குத் தெரியக் கூடாது. ஆட்டத்துக்கு முந்தின நாளே நேரில் போய், காரணத்தோடு சொல்லிவிடுங்கள்.